தெரு யாருக்குச் சொந்தம்?

நகரசபை ஒரு போர்டு நட்டு வைக்கிறது: "இங்கு வியாபாரம் செய்யக் கூடாது, மீறினால் அபராதம்." பத்தடி தள்ளி இன்னொரு போர்டு: "இங்கு வாகனம் நிறுத்தாதீர்." இரண்டையும் எழுதியது ஒரே நகரசபை. ஆனால் முதல் போர்டைக் காட்டிக் கீரைக்காரியின் கூடையைத் தூக்கி லாரியில் எறிகிறார்கள். இரண்டாவது போர்டின் நிழலிலேயே ஜவுளிக் கடை முதலாளியின் கார் காலை முதல் மாலைவரை நிற்கிறது. கூடை அடைத்துக்கொள்ளும் இடம் மூன்று முழம். கார் அடைத்துக்கொள்ளும் இடம் மூன்று கூடைக்காரர்கள் உட்கார்ந்து பிழைக்கும் இடம். போக்குவரத்துக்கு இடைஞ்சல் எது?

இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன தோழர்கள் பலர் உண்டு. "சட்டமும் ரூல்சும் பணம் உள்ளவனுக்கு. நமக்கு எதற்கு அந்தக் கதை?" என்று கேட்கிறார்கள். இந்தச் சலிப்பினால் லாபம் அடைகிறவன் மாமூல் வாங்குகிறவன். தெருவைப் பற்றிய சட்டங்களில் பாதி நம்மை அடக்க வந்தவை. மீதிப் பாதி நாம் போராடிப் பெற்றவை. எது எந்தப் பாதி என்று தெரியாதவனிடம் யாரும் எதையும் சட்டம் என்று சொல்லிவிடலாம். ஆகவே தெருவின் சட்டத்தை மில் கேட்டிலும் களத்துமேட்டிலும் உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

தெருவில் நடப்பதே ஒரு காலத்தில் போராட்டம்

முதலில் ஒன்றை மறக்கக் கூடாது. "பொதுத் தெரு" என்ற சொல்லை யாரும் நமக்குத் தானமாகக் கொடுத்துவிடவில்லை. உழைக்கிறவன் காலடி படக் கூடாது என்று அடைத்து வைத்த தெருக்கள் இந்த நாட்டில் ஏராளம். 1924-ம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், சர்க்கார் ஆபீசுக்குச் செல்லும் வழி ஆகியவற்றை எந்த ஜாதியாரும் பயன்படுத்தத் தடை கூடாது என்பதே அதன் சாரம். சட்டசபை அதை ஏற்றது. சர்க்காரும் உத்தரவு போட்டது. அதே 1924-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. கோயிலுக்குள் போவதற்காக அல்ல; வெளியே உள்ள வீதியில் நடப்பதற்காக! அதற்கே ஒன்றரை ஆண்டுக்கு மேல் அடியும் சிறையும் பட வேண்டியிருந்தது.

அது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தாழ்த்தப்பட்ட மக்களின் வழியை மறித்து நின்ற சுவரில் ஒரு பகுதி 2008-ம் ஆண்டு மே மாதத்தில்தான் இடிக்கப்பட்டது. தெருவுக்கு ரூல்ஸ் போடுகிறவர்கள் இந்த வரலாற்றை நினைவில் வைக்க வேண்டும். தெருவிலிருந்து ஏழையைத் துரத்துவது என்றால் எந்தப் பழைய காரியத்தைப் புதிய பெயரில் செய்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

தெருவில் பிழைப்பது உரிமையா, சலுகையா?

மில் மூடினால் தொழிலாளி எங்கே போகிறார்? சென்னையில் பின்னி ஆலை 1996-ல் மூடப்பட்டது. 2020 மார்ச்சில் ஊரடங்கு என்று தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் மில்கள் நின்றன. ஸ்பிண்டில் நின்றால் வயிறு நிற்பதில்லை. நேற்றுவரை மெஷின் ஓட்டிய கை இன்று இட்லிப் பானையைத் தூக்குகிறது, தள்ளுவண்டியைத் தள்ளுகிறது. கிராமத்திலே நடவு முடிந்து அறுப்பு வரும்வரை வேலை இல்லாத விவசாயக் கூலிப் பெண், நாலு கட்டுக் கீரை வாங்கி முதல் பஸ்ஸில் டவுனுக்கு வருகிறார். 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை நல்ல காரியம்தான். ஆனால் அங்கே உட்கார விவசாயி என்று அடையாள அட்டை வேண்டும். சொந்த மகசூல் வேண்டும். ஒரு சென்ட் நிலமும் இல்லாத கூலிப் பெண்ணுக்கு அட்டை எங்கே? அவருக்குத் தெருவோரம்தான் சந்தை.

அந்தத் தெருவோரத்தில் அவர் உட்காருவது போலீஸ்காரரின் தயவினாலா? இல்லை. 1989-ம் ஆண்டு சோதன் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு தெளிவாகத் தீர்ப்பளித்தது: தெருவில் வியாபாரம் செய்வதும் அரசியல் சட்டத்தின் 19(1)(ஜி) பிரிவு தரும் தொழில் உரிமையில் அடங்கும். நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம். அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது. குறிப்பிட்ட ஒரே இடத்தில்தான் உட்காருவேன் என்று யாரும் பாத்தியதை கொண்டாட முடியாது. இரண்டையும் சேர்த்தே நாம் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்குச் சாதகமானதை மட்டும் படித்துவிட்டுப் போனால் கோர்ட்டில் தலைகுனிய நேரும்.

2014-ம் ஆண்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

பல ஆண்டு இயக்கத்திற்குப் பிறகு 2014-ல் பார்லிமெண்டு தெரு வியாபாரிகளின் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் முறைப்படுத்தும் சட்டத்தை நிறைவேற்றியது. அது 2014 மே 1-ந் தேதி, ஆம், மே தினத்தன்று, அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2015-ல் அதற்கு விதிகள் வகுக்கப்பட்டன. அதிலே உள்ளதை எளிமையாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, கணக்கெடுப்பு. ஊரில் இப்போது உள்ள தெரு வியாபாரிகள் எல்லோரையும் கணக்கெடுக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுபடி எடுக்க வேண்டும். கணக்கில் வந்தவர்களுக்குச் சான்றிதழ் தந்து இடம் ஒதுக்க வேண்டும். எத்தனை பேருக்கு? மக்கள் தொகையில் நூற்றுக்கு இரண்டரை என்ற அளவு வரை. ஒரு லட்சம் ஜனங்கள் உள்ள நகரத்தில் 2,500 பேர். உங்கள் நகரசபை எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, துரத்தக் கூடாது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கப்படும்வரை இருக்கிற வியாபாரியை அப்புறப்படுத்தக் கூடாது என்று மூன்றாவது பிரிவு சொல்கிறது. இது மிக முக்கியமான வரி. கணக்கெடுக்க வேண்டிய கடமையை நகரசபை செய்யாமல் விட்டுவிட்டு, "உன்னிடம் சான்றிதழ் இல்லை, ஓடு" என்று சொல்லுவது சட்டத்தைத் தலைகீழாகப் பிடிப்பதாகும். தப்பு செய்தவன் நகரசபை, தண்டனை கூடைக்காரிக்கா?

மூன்றாவது, நோட்டீஸ். இடம் மாற்ற வேண்டுமானாலும் அப்புறப்படுத்த வேண்டுமானாலும் முப்பது நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். காலையில் மைக்கில் அறிவித்துவிட்டு மத்தியானம் லாரியைக் கொண்டுவந்து நிறுத்துவது நோட்டீஸ் ஆகாது.

நான்காவது, சாமான். பறிமுதல் செய்தால் என்னென்ன எடுத்தோம் என்று பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டு வியாபாரியிடம் கொடுக்க வேண்டும். உரிய கட்டணத்தைக் கட்டிக் கேட்டால், அழுகக் கூடிய பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்றவற்றை இரண்டு வேலை நாளில் தர வேண்டும். தராசு எங்கே போயிற்று, தள்ளுவண்டியின் சக்கரம் எங்கே போயிற்று என்று அழுதுகொண்டு ஆபீசு வாசலில் நிற்கும் நிலை சட்டத்தில் இல்லை. பட்டியல் கொடுக்காமல் எடுத்துப் போனால் அதைப் பறிமுதல் என்று சட்டம் ஒப்புக்கொள்ளாது. அதற்கு வேறு பெயர் உண்டு.

ஐந்தாவது, கமிட்டி. ஊருக்கு ஊர் நகர விற்பனைக் குழு என்று ஒரு கமிட்டி அமைக்க வேண்டும். கமிஷனர் தலைவர். உறுப்பினரில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாதவர்கள் தெரு வியாபாரிகள். அவர்களை வியாபாரிகளே தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எங்கே சந்தை, எத்தனை பேர், எந்த நேரம் என்பதையெல்லாம் தீர்மானிப்பதில் இந்தக் கமிட்டிக்குப் பங்கு உண்டு. கமிட்டியே இல்லாத ஊர், காகிதத்தில் மட்டும் கமிட்டி உள்ள ஊர், தேர்தல் இல்லாமல் ஆபீசர் கைகாட்டிய ஆட்களை உட்கார வைத்த ஊர் என்றால், அங்கே சட்டத்தின் உயிர் எடுக்கப்பட்டு உடல் மட்டும் வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

சட்டத்தின் முதல் அட்டவணையில் இன்னும் நாலு வரி உண்டு. அவற்றை வியாபாரிகள் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும். ஜனங்கள் தாங்களாகவே கூடி வாங்கி விற்று வரும் இயற்கைச் சந்தையை "வியாபாரம் தடை செய்த பகுதி" என்று அறிவிக்கக் கூடாது. நெரிசல் என்ற காரணத்தை மட்டும் வைத்து எந்தப் பகுதியையும் அப்படி அறிவிக்கக் கூடாது. சுகாதாரம் என்று சொல்லுவதானால், அந்த அசுத்தம் முழுக்க வியாபாரிகளால் வந்தது, நகரசபை செய்யக் கூடிய காரியத்தால் அது தீராது என்று காட்ட வேண்டும். கணக்கெடுப்பும் திட்டமும் முடியும்வரை எந்தப் பகுதியையும் தடைப் பகுதி என்று அறிவிக்கவே கூடாது. இந்த நாலு வரியையும் வைத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கடைவீதியில் நிற்கும் தடை போர்டை ஒரு முறை உற்றுப் பாருங்கள்.

நொச்சிக்குப்பம் காட்டிய பாடம்

2023 ஏப்ரலில் சென்னையில் நடந்ததைப் பார்ப்போம். மெரினாவுக்குத் தெற்கே நொச்சிக்குப்பம் கரையோரத்தில் லூப் ரோடு இருக்கிறது. அங்கே மீன் விற்கும் பெண்களால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று ஹைகோர்ட் தானாகவே வழக்கு எடுத்துக்கொண்டது. மாநகராட்சி போலீசுடன் வந்து கடைகளை அகற்றியது. மீனவ ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். படகுகளையும் வலைகளையும் குறுக்கே கொண்டுவந்தார்கள்.

அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: நாங்கள் ரோட்டுக்கு வந்தோமா, ரோடு எங்களிடம் வந்ததா? அந்தக் குப்பம் ரோட்டைவிடப் பழையது. வலை உலர்த்திய மணலில் தார் போட்டார்கள். காருக்குக் குறுக்கு வழி கிடைத்தது. பிறகு கார் வேகமாய்ப் போக மீன்காரி இடைஞ்சல் என்கிறார்கள். அவர்களுடைய போராட்டத்தின் பின்னணியில்தான் மாற்று ஏற்பாட்டின் வேலை வேகம் பெற்றது. 2024 ஆகஸ்டில் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. அங்காடி கட்டிய பிறகு அழைத்திருந்தால் இத்தனை கண்ணீர் எதற்கு? முதலில் இடம், பிறகு மாற்றம் என்பது நியாயம். முதலில் லாரி, பிறகு பேச்சு என்பது அராஜகம்.

எதிர்ப் பக்கத்து வாதம்

"நடைபாதை முழுக்கக் கடை போட்டால் ஜனங்கள் எங்கே நடப்பது? ஆம்புலன்ஸ் எப்படிப் போவது?" என்று கேட்கிறார்கள். கேட்பது நியாயம். நடைபாதையில் நடக்கிறவர்களில் பெரும்பாலோர் யார்? கார் இல்லாதவர்கள், ஷிப்டு முடிந்து வரும் நம் தொழிலாளிகள், பள்ளிக்கூடம் போகும் நம் குழந்தைகள். நடைபாதையை மறித்தால் அடிபடுகிறவனும் நம் வர்க்கத்தான்தான். ஆகையால் இடைவெளி விட்டு உட்காருவது, குப்பையை அப்புறப்படுத்துவது, ஆஸ்பத்திரி வாசலையும் பஸ் நிறுத்தத்தையும் விட்டுத் தள்ளி வியாபாரம் செய்வது ஆகியவற்றை நம் சங்கமே முன்நின்று கட்டுப்பாடாக நடத்த வேண்டும். சான்றிதழின் நிபந்தனையை மீறினால் ரூ. 2,000 வரை அபராதம் உண்டு. சான்றிதழை வேறொருவனுக்கு வாடகைக்கு விடுவதும் சட்டத்திற்கு விரோதம். பத்து இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தினக் கூலிக்கு ஆள் நிறுத்துகிறவன் தெரு வியாபாரி அல்லன்; தெருவில் முளைத்த முதலாளி. அவனுக்காக நாம் கொடி பிடிக்கத் தேவையில்லை.

ஆனால் நெரிசலுக்குக் காரணம் கூடை மட்டுமா? கணக்கை முழுதாகப் போடுங்கள். வண்டி நிறுத்த இடமே விடாமல் எழும்பிய அடுக்கு மாடிக் கடைகள். நடைபாதைவரை நீட்டிய முகப்பும் ஜெனரேட்டரும். தோண்டிவிட்டு மூடாத பள்ளம். போதிய பஸ் விடாததால் பெருகிய இரு சக்கர வண்டிகள். நாள் முழுக்க நிற்கும் கார்கள். இந்தப் பட்டியலில் கடைசியில் வருகிற கூடைக்காரி மேல்தான் முதலில் கை விழுகிறது. ஏன்? அவள் கையில் வக்கீல் இல்லை. அவளுக்கு வக்கீலாகச் சங்கம் நிற்க வேண்டும்.

எந்த ரோடு, எந்த ஆபீசு?

பலர் ஏமாறுகிற இடம் இது. ஒரே ரோடாகத் தெரியும். சொந்தக்காரர் வேறு வேறு. சில தெரு நகரசபையுடையது. சில மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. சில தேசிய நெடுஞ்சாலை. ஸ்டேஷன் வாசல் ரயில்வேயுடையது. ரயில்வே நிலத்துக்கு 2014-ம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்று அந்தச் சட்டமே சொல்லிவிட்டது. நகரசபைச் சீட்டைக் காட்டி ரயில்வே எல்லையில் உட்கார்ந்தால் பாதுகாப்பு இல்லை. எனவே "அகற்று" என்று எவர் வந்தாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "ஐயா, தாங்கள் எந்த ஆபீசு? இந்த இடம் யாருடையது? உத்தரவு எழுத்தில் இருக்கிறதா?"

தரை வாடகை விஷயமும் இப்படித்தான். சந்தையில் வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு ஏலம் விடுகிறார்கள். எவ்வளவு வசூலிக்கலாம் என்று குத்தகை நிபந்தனையில் இருக்கும். குத்தகைதாரன் ஆள் கேட்பது எவ்வளவு? ரசீது இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். ரேட்டைப் போர்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுதாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போட்டால் முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும். குத்தகை நிபந்தனை, கணக்கெடுப்புப் பட்டியல், கமிட்டிக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு எல்லாவற்றையும் கேட்கலாம்.

ரூல்ஸ் நம் பக்கம் நிற்கும் இடம்

பெர்மிட் என்றாலே ஏழைக்கு விரோதம் என்று நினைக்க வேண்டாம். விவசாயத் தொழிலாளர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். விடியற்காலையில் நாற்பது பெண்களைக் "குட்டி யானை" வண்டியில் அடைத்து நடவுக்கு ஏற்றிப் போகிறான் மேஸ்திரி. அது சரக்கு வண்டி. சரக்கு ஏற்றத்தான் அதற்கு அனுமதி. ஆளை ஏற்ற அல்ல. பெர்மிட்டுக்கு விரோதமாக வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 192-ஏ பிரிவுப்படி முதல் தடவையே ரூ. 10,000 அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

வண்டி கவிழ்ந்தால் என்ன ஆகும்? 2002-ல் ஆஷா ராணி வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது: சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்த பிரயாணிக்கு நஷ்டஈடு தரும் சட்டப்பூர்வமான பொறுப்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை. வண்டியில் உள்ள சரக்கின் சொந்தக்காரருக்கு 1994-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி பாதுகாப்பு உண்டு. வண்டி முதலாளியின் சொந்த வேலையாளுக்கும் ஓரளவு உண்டு. ஆனால் நடவுக்குப் போகும் பெண் சரக்குக்குச் சொந்தக்காரியும் அல்ல. வண்டிக்காரனின் வேலையாளும் அல்ல. வேலை கொடுப்பவன் ஒருவன், வண்டி இன்னொருவனுடையது. கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு வண்டிக்காரனிடம் வசூலிக்கட்டும் என்று கோர்ட்டுகள் சொன்ன வழக்குகள் உண்டு. ஆனால் அதை நம்பி உயிரைப் பணயம் வைக்க முடியுமா?

இங்கே ரூல்ஸை மீறிச் செலவை மிச்சம் பிடிக்கிறவன் மேஸ்திரி; மீறலின் விலையைக் கொடுக்கிறவள் கூலிப் பெண். எனவே கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். ஆள் ஏற்றும் பெர்மிட் உள்ள வண்டி வேண்டும். விடியற்காலை நடவுக்கும் அறுப்புக்கும் போகும் தடங்களில் சர்க்கார் பஸ் வேண்டும். வண்டியைப் போலீசு பிடித்தால் மேஸ்திரி மேல் வழக்குப் போடட்டும். ஏறி வந்த பெண்களை நடுரோட்டில் இறக்கிவிட்டுப் போகக் கூடாது.

இன்னொரு செய்தி. சைக்கிளில் வரும் தொழிலாளியை ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் ஓடிவிட்டது, நம்பர் தெரியவில்லை. "யாரிடம் போய்க் கேட்பது?" என்று பல குடும்பங்கள் சும்மா இருந்துவிடுகின்றன. 2022 ஏப்ரல் 1 முதல் இந்த மாதிரி விபத்தில் இறந்தால் ரூ. 2 லட்சம், பலத்த காயம் என்றால் ரூ. 50,000 என்று நஷ்டஈட்டுத் திட்டம் அமலில் உள்ளது. வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றாலும் இது கிடைக்கும். போலீசில் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு தாலுகா ஆபீசில் விசாரித்து மனுக் கொடுக்க வேண்டும். உரிமையாக வரவேண்டிய பணத்தைத் தெரியாமையால் இழக்கலாமா?

ஊர்வலத்துக்கு அனுமதி

தெரு நடப்பதற்கும் விற்பதற்கும் மட்டுமல்ல. குறை சொல்லக் கூடுவதற்கும் தெருதான் ஏழையின் மண்டபம். கேட் கூட்டம் போட வேண்டுமானால், கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போக வேண்டுமானால், அனுமதி கேள் என்கிறார்கள். எந்தச் சட்டத்தைக் காட்டுகிறார்கள்? மாவட்டங்களில் 1861-ம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் 30(2) பிரிவு. சென்னையில் 1888-ம் ஆண்டு நகரப் போலீஸ் சட்டத்தின் 41-வது பிரிவு. தேதியைப் பாருங்கள். 1857-ல் நாடு கொதித்தெழுந்த பிறகு வெள்ளைக்காரன் செய்துவைத்த சட்டம் முதலாவது. அவன் போய் எத்தனையோ காலம் ஆயிற்று, சட்டம் போகவில்லை.

ஆயினும் அந்தச் சட்டங்களுக்கு மேலே அரசியல் சட்டம் இருக்கிறது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை 19(1)(பி) பிரிவு தருகிறது. 1972-ல் ஆமதாபாத்திலிருந்து வந்த ஹிமத்லால் ஷா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது என்ன? பொதுத் தெருவில் கூட்டம் நடத்துவதை முறைப்படுத்தலாம். ஆனால் எல்லாக் கூட்டத்தையும் மூடிவிட முடியாது. அதிகாரியின் இஷ்டத்துக்கு அனுமதி மறுக்கும் வரம்பில்லாத அதிகாரம் செல்லாது. 144 தடை உத்தரவு என்று நாம் அறிந்தது 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 163-வது பிரிவாக வந்திருக்கிறது. அதன்படியும் உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும்; காரணம் சொல்ல வேண்டும்; சாதாரணமாக இரண்டு மாதத்துக்கு மேல் நீடிக்க முடியாது.

கூட்டத்துக்கு ஒழுங்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 2025 செப்டம்பர் 27-ந் தேதி கரூரில் ஓர் அரசியல் கூட்டத்தின் நெரிசலில் 41 உயிர்கள் போயின. இடத்தின் கொள்ளளவு, வெளியேறும் வழி, குடிநீர், ஆம்புலன்ஸ் எல்லாம் முன்கூட்டியே பார்க்கப்பட வேண்டியவை. ஆனால் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டும் பெருங்கூட்டத்துக்கான நிபந்தனையை நூறு பேர் கூடும் மில் கேட் கூட்டத்துக்கும் அப்படியே மாட்டினால் என்ன ஆகும்? டெபாசிட் கட்டப் பணம் உள்ள கட்சி கூட்டம் போடும். போனஸ் கேட்கும் தொழிலாளி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பாதுகாப்பின் பெயரால் வாய்ப்பூட்டு வரக் கூடாது.

செய்ய வேண்டியது என்ன?

தோழர்களே! சட்டப் புத்தகத்தில் இருப்பது தானாகத் தெருவுக்கு இறங்கி வராது. இறக்கிக் கொண்டுவர வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் கீழ்க்கண்ட காரியங்களை உடனே தொடங்கலாம்:

1. நம் சங்கமே தெருத் தெருவாகப் போய்த் தெரு வியாபாரிகளின் பட்டியல் எடுக்க வேண்டும்: பெயர், இடம், எத்தனை ஆண்டு, என்ன வியாபாரம். அதை நகரசபையின் பட்டியலோடு ஒத்துப் பார்த்து, விடுபட்டவர்களைச் சேர்க்க எழுத்தில் கேட்க வேண்டும்.

2. நகர விற்பனைக் குழுவுக்குத் தேர்தல் நடந்ததா, எப்போது கூடியது, என்ன தீர்மானித்தது என்று தகவல் உரிமை மனுப் போட வேண்டும். தேர்தல் இல்லாத ஊரில் தேர்தல் கோரி இயக்கம் நடத்த வேண்டும்.

3. சாமானை எடுக்க வந்தால் தனியாக மல்லுக்கு நிற்க வேண்டாம். பட்டியல் கேளுங்கள், உத்தரவு கேளுங்கள், தேதி நேரம் குறியுங்கள், உடனே சங்கத்துக்குச் சொல்லுங்கள். தராசைத் தனியாள் இழுத்தால் "அரசு ஊழியரைத் தடுத்தான்" என்று வழக்கு வரும். ஐம்பது பேர் அமைதியாக நின்று பட்டியல் கேட்டால் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

4. கூட்டத்துக்கு அனுமதி கேட்கும்போது மனுவின் நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன மறுப்பைக் கோர்ட்டில் கொண்டுபோய்க் காட்ட முடியாது.

5. கூலிக்குப் போகும் பெண்களை ஏற்ற ஆள் வண்டி கொடுத்தால்தான் வேலைக்கு வருவோம் என்று கிராமம் கிராமமாகத் தீர்மானம் போட வேண்டும். ஒரு கிராமம் மட்டும் சொன்னால் மேஸ்திரி அடுத்த கிராமத்துக்குப் போவான். பத்துக் கிராமம் சேர்ந்து சொன்னால் வண்டி வரும்.

தெருவைப் பெருக்குகிறவர்கள் நாம்; தார் போடுகிறவர்கள் நாம்; சாக்கடைக் குழி தோண்டுகிறவர்கள் நாம்; விடியுமுன் அதே தெரு வழியே பாலும் காய்கறியும் கொண்டுவந்து நகரத்துக்குச் சோறு போடுகிறவர்களும் நாம். அந்தத் தெருவில் ஓரமாக மூன்று முழ இடம் கேட்டால் அதைப் பிச்சை என்று யார் சொல்லுவது? அந்த இடத்துக்கு ஒழுங்கு வேண்டும், ஒப்புகிறோம். ஒழுங்கு கூடைக்கும் காருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒழுங்கை வகுக்கும் மேஜையில் கூடைக்காரியும் உட்கார வேண்டும். இந்த இரண்டும் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம். இந்த வாரமே உங்கள் ஊர் நகரசபைக்கு முதல் மனுவை எழுதுங்கள்!